பெயில் அவுட்: சுமை யார் தலையில்?



ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்போது நமக்கு ஒரு பழைய தொல்லை உண்டு. தேர்வில் தோற்றாலும் 'பெயில்' என்றுதான் எழுதுகிறோம். நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்தாலும் 'பெயில்' என்றுதான் எழுதுகிறோம். "பையனுக்குப் பெயில் கிடைத்துவிட்டது" என்று ஒருவர் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொல்ல, மறுமுனையில் இருந்த பாட்டி, "அடப்பாவமே, எத்தனை பாடத்தில்?" என்று கேட்டாராம். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது பாட்டி நினைத்த பெயில் அல்ல, மற்றொன்று. பி, ஏ, ஐ, எல் என்று நான்கே எழுத்து. அதன் பின்னால் 'அவுட்' என்ற சிறு சொல் ஒட்டிக்கொண்டால் அதுவே 'பெயில் அவுட்'. ஒரு வினைச்சொல்லோடு இப்படி இன்னொரு சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் 'பிரேசல் வெர்ப்' என்பார்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது இதைத்தான்.

பட்டியலில் ஒரு வரிதான் இருக்கும். அகராதியைத் திறந்தால் தலை சுற்றும். கைதானவரைப் பணம் கட்டி வெளியே எடுப்பது பெயில் அவுட். தோணிக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் இறைத்து வெளியே ஊற்றுவது பெயில் அவுட். விழப்போகும் விமானத்திலிருந்து குதிப்பதும், திவாலாகப் போகும் வங்கிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதும் அதே பெயில் அவுட்தான். சிறைச்சாலை, தோணி, விமானம், வங்கி. இவற்றுக்குள் என்ன உறவு?

உறவு லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே 'பாயுலுஸ்' என்றால் சுமை தூக்குபவன். துறைமுகத்திலும் சந்தையிலும் மூட்டை தூக்கிப் பிழைத்த தொழிலாளி. சுமப்பது என்ற வினை 'பாயுலாரே'. இந்த மூட்டை தூக்கியின் பரம்பரை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். இத்தாலிய மொழியில் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்கும் செவிலித்தாயை 'பாலியா' என்கிறார்கள். குழந்தையைச் சுமப்பவள் அல்லவா? வெனிஸ் நகர அரசு கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பிய தூதருக்கு 'பைலோ' என்று பட்டம். நீதிமன்ற ஆணையோடு வீட்டுக்கு வந்து சாமான்களை ஜப்தி செய்கிறாரே பெய்லிஃப், அவரும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பொறுப்பைச் சுமப்பவர் என்பதே அந்தப் பதவிக்கு முதல் பொருள். மூட்டை தூக்கியின் வம்சத்தில் வந்தவர் இன்று நம் வீட்டு நாற்காலியைத் தூக்குகிறார் என்று சொன்னால் சிரிப்பு வரலாம். ஜப்தி அனுபவம் உள்ளவர்களுக்கு வராது.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது சொல்லின் பொருள் சற்றே நகர்ந்தது. சுமப்பது என்பது பொறுப்பில் எடுத்துக்கொள்வது, பிறர் பொறுப்பில் ஒப்படைப்பது என்று ஆனது. இன்றைய பிரெஞ்சிலும் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு 'பாய்' என்றே பெயர். எழுத்துக்கூட்டல் அதே பி, ஏ, ஐ, எல்தான். வீட்டுக்காரர் வீட்டை ஒப்படைக்கிறார், குடியிருப்பவர் பொறுப்பேற்கிறார்.

நார்மன்காரர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் இந்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயரின் சட்டத்துக்குள் நுழைந்தது. அக்காலத்தில் நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வருவார்கள். ஒருவன் பிடிபட்டால் நீதிபதி வரும்வரை பல மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவனைச் சிறையில் வைத்துச் சோறு போடுவது ஷெரீப்புக்கும் தொல்லை. எனவே அவனைத் தெரிந்த ஒருவரிடம், "இவனை விசாரணை நாளில் கொண்டுவந்து நிறுத்துவது உன் பொறுப்பு" என்று சொல்லி ஒப்படைத்துவிடுவார்கள். இங்கே ஒப்படைக்கப்படுவது பணம் அல்ல, ஆள். கைதி தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட சிறைக்காவலர்தான் ஜாமீன்தாரர் என்று ஆங்கிலச் சட்டத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு.

யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பதில் ஷெரீப்புகள் தம் இஷ்டத்துக்கு நடந்து காசு பார்த்ததால், 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்கு ஒரு வரையறை போட்டது. நானூறு ஆண்டுகள் கழித்து வேறொரு தந்திரம் வந்தது. ஜாமீன் மறுக்காமல், கட்ட முடியாத தொகையைக் கேட்பது. அதையும் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் கண்டித்தது. அளவுமீறிய ஜாமீன் கேட்கக்கூடாது என்ற அந்த விதியை அமெரிக்கர்கள் பின்னர் தங்கள் அரசியலமைப்பிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதே அமெரிக்காவில்தான் ஜாமீன் ஒரு வியாபாரமாகவும் ஆகியிருக்கிறது. சுமார் பத்து விழுக்காடு கட்டணம் வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் ஜாமீன் நிற்கும் கடைகள் அங்கே நீதிமன்ற வாசலில் இருக்கின்றன. நல்லவேளை, அந்த வழக்கம் நம் பக்கம் வரவில்லை.

நம் பக்கத்துச் சொல்லையும் பார்த்துவிடுவோம். நாம் ஜாமீன் என்கிறோம், மலாய்க்காரர்கள் ஜாமின் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே. பொறுப்பேற்பவர் என்று பொருள்படும் அரபுச் சொல் பாரசீகம் வழியாக ஒரு கிளை தமிழுக்கும் இன்னொரு கிளை மலாய்க்கும் வந்தது. ஜாமீனுக்கும் ஜமீன்தாருக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 'ஜமீன்' நிலம் என்ற பாரசீகச் சொல். 'ஜமீனில் விடுதலை' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு நிலக்கிழார் தப்பித்த மாதிரி இருந்தது.

நீதிமன்றத்தில் மலாயில் 'இக்காட் ஜாமின்' என்பார்கள். இக்காட் என்றால் கட்டு. தமிழிலும் ஜாமீனுக்குப் பிணை என்று சொல்கிறோம். பிணைத்தல் என்றாலும் கட்டுவதுதான். களத்தில் சூடடிக்கும்போது மாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டுவதைப் பிணையல் என்பார்கள். ஒரு மாடு நின்றால் மற்றதும் நிற்க வேண்டும், ஒன்று ஓடினால் மற்றதும் இழுபட வேண்டும். பிணைக்கைதி என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. ஆங்கிலத்தில் ஜாமீன் பத்திரத்தை 'பாண்ட்' என்கிறார்களே, அதுவும் கட்டு என்ற பொருளுடையதே. ஆக, ஆங்கிலேயர் சுமையை நினைத்தார்கள். தமிழரும் மலாய்க்காரரும் கயிற்றை நினைத்தார்கள். என்னைக் கேட்டால் கயிறு இன்னும் பொருத்தம். சுமையை வலித்தால் இறக்கி வைக்கலாம்.

கயிறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜாமீன்தாரர் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வெளிவந்தவரோடு தினமும் தொடர்பில் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். அனுமதியின்றி அவர் நாட்டை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அவர் ஓடிவிட்டால் பணம் பறிபோகும். ஆங்கிலத்தில் அந்த ஓட்டத்துக்கு 'ஜம்ப் பெயில்' என்று பெயர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மலேசியச் செய்திகளில் 'ஜாமீனில் விடமுடியாத குற்றம்' என்று படித்ததும் பலர் அந்த மனிதருக்குக் கதவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி அல்ல. அவர் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் பார்த்துக் கொடுக்கலாம் என்பதே அதன் பொதுவான பொருள்.

இனி தோணிக்கு வருவோம். பழைய பிரெஞ்சில் தண்ணீர் சுமக்கும் வாளிக்கு 'பாய்ய்' என்று பெயர். அதற்கும் நம் மூட்டை தூக்கியே மூதாதை. அந்த வாளியிலிருந்துதான் பதினேழாம் நூற்றாண்டில் நீர் இறைக்கும் பெயில் ஆங்கிலத்தில் பிறந்தது. மலாயில் வாளிக்குத் திம்பா. சம்பானில் நீர் இறைப்பதும் 'மெனிம்பா'தான், கல்வி கற்பதும் 'மெனிம்பா இல்மு'தான். ஒரே வாளியால் தண்ணீரையும் மொண்டு அறிவையும் மொண்டிருக்கிறார்கள். அழகான சொல்.

இங்கே பிள்ளைகளுக்காக இலக்கணம் கொஞ்சம். பெயில் அவுட் என்ற தொடரில் தண்ணீரையும் செயப்படுபொருளாக வைக்கலாம், தோணியையும் வைக்கலாம். தண்ணீர்தான் வெளியே போகிறது, ஆனால் தோணியை 'பெயில் அவுட்' செய்தோம் என்றாலும் சரியே. ஆளைச் சொல்லும்போது பெயரானால் பின்னாலும் வரலாம், நடுவிலும் வரலாம். 'அவன்', 'அவள்' போன்ற சுட்டுப்பெயர் ஆனால் நடுவில்தான் வர வேண்டும். 'பெயில் ஹிம் அவுட்' என்பதே சரி, 'பெயில் அவுட் ஹிம்' தவறு. தேர்வில் இதற்கு மதிப்பெண் போகும். பாட்டி பயந்த பெயிலுக்கு இதுவும் ஒரு வழி.

விமானத்துப் பெயிலில் ஒரு சண்டை இருக்கிறது. அமெரிக்கர்கள் பி, ஏ, ஐ, எல் என்று எழுதுவார்கள். பிரிட்டிஷ்காரர்களில் பலர் பி, ஏ, எல், இ என்று எழுதுவார்கள். உச்சரிப்பு ஒன்றே. இரண்டாவது பெயில் நமக்கு நன்றாகப் பழகியது. ரப்பர் ஆலையில் வேலை பார்த்த குடும்பங்களில் 'பேல்' என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மலேசியத் தர ரப்பரை 33.3 கிலோ கட்டியாக அழுத்திக் கட்டுகிறார்களே, அந்தப் பேல். விமானத்தின் கதவு வழியாக மூட்டையைத் தள்ளுவது போல மனிதன் விழுகிறான் என்று பிரிட்டிஷ்காரர்கள் நினைத்தார்கள். தோணியிலிருந்து தண்ணீரைக் கொட்டுவது போல விமானம் மனிதனைக் கொட்டுகிறது என்பது மற்றவர் கட்சி. எப்படியோ, 1922ஆம் ஆண்டு முதல், பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கென்றே 'கேட்டர்பில்லர் கிளப்' என்று ஒரு சங்கம் நடந்தது. உயிரைத் தாங்கிய துணி பட்டு, அந்தப் பட்டைத் தந்தது புழு. எனவே உறுப்பினர்களுக்குத் தங்கத்தில் ஒரு புழுச் சின்னம்.

இந்தப் பெயிலில் மட்டும் கவனித்தீர்களா, யாரும் யாரையும் சுமப்பதில்லை. தப்பிப்பது மட்டுமே இருக்கிறது. இதிலிருந்துதான் பின்னாளில் அமெரிக்க இளைஞர்கள் 'பெயில் ஆன்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் காலை வாருவது. பொறுப்பேற்பது என்று பிறந்த சொல் பொறுப்பைக் கைகழுவுவது என்ற பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிக்கெட்டில் ஸ்டம்புகளின் மேல் கிடக்கும் பெயில் குறுக்குக் கட்டை என்ற பழைய பொருளில் வந்தது. லண்டனின் புகழ்பெற்ற 'ஓல்ட் பெய்லி' குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஜாமீனால் பெயர் வரவில்லை. கோட்டையின் வெளிமதிலுக்கு 'பெய்லி' என்று பெயர், நகர மதிலை ஒட்டிய தெருவில் அது இருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் கறவை மாட்டின் தலையைப் பிடித்து நிறுத்தும் சட்டத்துக்குப் பெயில் என்று பெயர், மாட்டை அதில் நிறுத்துவது 'பெயில் அப்'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுக் காட்டு வழிப்பறிக்காரர்கள் வண்டிகளை மறித்து இதே சொல்லைத்தான் கத்தினார்கள். மாடு மாதிரி அசையாமல் நில், பையை நான் கறந்துகொள்கிறேன் என்று அர்த்தம்.

இப்போது பெரிய பெயில் அவுட்டுக்கு வருவோம். நம் செய்தித்தாள்கள் இதை 'மீட்பு நிதி' என்று மொழிபெயர்க்கின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. யார் மீட்கப்படுகிறார் என்று அது சொல்கிறது. யார் சுமக்கிறார் என்று சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லின் வேரில் அது இருக்கிறது.

1979இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. அரசாங்கம் அதற்குப் பணம் கொடுத்தது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கிரைஸ்லர் வாங்கும் 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நின்றது. கையெழுத்துத்தான் போட்டது. 1983இல், தவணைக்குப் பல ஆண்டுகள் முன்பே கடன் அடைந்தது. அரசுக்கு லாபமும் கிடைத்தது. எல்லா ஜாமீனும் இப்படி முடிந்தால் நான் இந்த உரையை நிகழ்த்த வேண்டியதே இல்லை.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்தது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தென்கொரியாவும் அனைத்துலக நாணய நிதியத்திடம் போய் நின்றன. மலேசியா போகவில்லை. 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்து, ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிவைத்தது. அந்தக் கட்டு 2005 ஜூலை வரை இருந்தது. வங்கிகளின் வாராக்கடனை வாங்க டனாஹர்தா, வங்கிகளுக்கு மூலதனம் கொடுக்க டனாமோடல் என்று இரண்டு அமைப்புகளும் 1998இல் உருவாயின. இது நாட்டைக் காக்கும் மீட்பா, சிலரைக் காக்கும் பெயில் அவுட்டா என்று அந்நாள்களில் காப்பிக்கடை தோறும் விவாதம். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது.

கொரியாவில் நடந்ததுதான் என் மனத்தைவிட்டுப் போகாதது. 1998 தொடக்கத்தில் அந்நாட்டு மக்கள் வரிசையில் நின்று தங்கத்தைக் கொடுத்தார்கள். கல்யாண மோதிரம், பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த சிறு மோதிரம், விளையாட்டு வீரர்களின் பதக்கம். இலவசமாகக் கொடுத்தவர்களும் உண்டு, பின்னால் பணம் பெற்றுக்கொள்ளக் கொடுத்தவர்களும் உண்டு. சுமார் 35 லட்சம் பேரிடமிருந்து ஏறக்குறைய 227 டன் சேர்ந்தது. அதை உருக்கி விற்று டாலர் ஆக்கினார்கள். கடனை வாங்கிக் குவித்தவை பெரிய நிறுவனங்கள். உருகியது வீட்டுப் பெண்களின் நகை. வீட்டில் ஒரு பவுன் சேர்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 2001 ஆகஸ்டில் நாணய நிதியத்தின் கடனைக் கொரியா கட்டி முடித்தது.

2008க்குப் பிறகு, வரி கட்டுகிறவன் ஏன் வங்கியைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி மேல்நாடுகளில் பலமாக எழுந்தது. அதன் விளைவாக ஒரு புதுச் சொல் வந்தது: 'பெயில் இன்'. வெளியிலிருந்து யாரும் பணம் தர மாட்டார்கள், உள்ளே பணம் போட்டவர்களே சுமக்க வேண்டும். 2013இல் சைப்ரஸ் நாட்டின் பேங்க் ஆஃப் சைப்ரஸில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் போட்டிருந்தவர்களின் கூடுதல் தொகையில் 47.5 விழுக்காட்டை எடுத்து வங்கியின் பங்குகளாக மாற்றிவிட்டார்கள். அவுட் போய் இன் வந்தது. சுமை எங்கும் போகவில்லை, தோள்தான் மாறியது.

நாடுகளின் கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக் கதையைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. என் அக்காள் கணவர், நான் அத்தான் என்று அழைப்பவர், 1990களின் இறுதியில் உடன் வேலை செய்த நண்பர் ஒருவர் லாரி வாங்குவதற்குப் பிணைக் கையெழுத்துப் போட்டார். "சும்மா ஒரு கையெழுத்துத்தானே மச்சான்" என்று நண்பர் சொன்னார். பதினோரு மாதம் தவணை ஒழுங்காகப் போனது. பிறகு லாரியும் இல்லை, நண்பரும் இல்லை. கடிதம் அத்தான் வீட்டுக்கு வந்தது. "அவரைத் தேடிப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று அத்தான் வாதாடினார். வழக்கறிஞர் அவருக்குச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் பிணையாளரின் பொறுப்பு. முதலில் அவரிடம் போ என்று சொல்லும் உரிமை பிணையாளருக்கு இல்லை. தான் ஒருநாளும் ஏறி உட்காராத லாரிக்கு அத்தான் ஆறு ஆண்டுகள் தவணை கட்டினார். அக்காளின் இரண்டு வளையல்கள் அதில் போயின.

இப்போது சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. 2017 அக்டோபர் 6 முதல் மலேசியாவில் 'சமூகப் பிணையாளர்' ஒருவரைத் திவாலாக்க முடியாது. லாப நோக்கம் இல்லாமல் ஒருவரின் கல்விக்கடனுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ பிணை நிற்பவர் இந்த வகை. மற்றப் பிணையாளர்களைத் திவாலாக்க வேண்டுமானால், கடன் வாங்கியவரிடம் வசூலிக்க எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது என்று நீதிமன்றத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். திவால் நடவடிக்கைக்கான குறைந்தபட்சக் கடனும் 2021இல் ஒரு லட்சம் வெள்ளியாக நிலைநிறுத்தப்பட்டது. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். திவாலாக்க முடியாது என்பதுதானே தவிர, கடனைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்பதல்ல. அத்தான் கையெழுத்துப் போட்டது பிழைப்புக்கான லாரி. இன்றைக்கு நடந்திருந்தாலும் அது சமூகப் பிணை ஆகாது.

அண்மையில் அவருடைய தங்கை மகன் ஒரு சின்னக் கார் வாங்க, "மாமா, ஒரு கையெழுத்து" என்று வந்து நின்றான். அக்காள் ஒன்றும் பேசவில்லை, சமையலறைக்குள் போய்விட்டார். அத்தான் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு இரவு வரிவரியாகப் படித்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் தவணை கட்டியதும் ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாம் தேதிக்குள் படம் வரவில்லை என்றால் ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு அத்தானே அழைத்துவிடுகிறார்.